முட்டி வலி என்ற பிள்ளையை நம்பியவளுக்கு

என் பிரியமுள்ள விசாலு,

நல்ல சேதி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போன மாதம் கோவையில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, நம் பிள்ளை யாழினி இனி ஓடலாம் என்று சொல்லிவிட்டார். ஓடலாம், குதிக்கலாம், கயிறு தாண்டலாம். நாலு வருசமாக நாங்கள் வேண்டாம் வேண்டாம் என்று தடுத்து வைத்திருந்த எல்லாவற்றையும் அவள் செய்யலாம். உடனே உன்னிடம் சொல்ல வாய் துடித்தது. என் போனில் உன் நம்பர் அப்படியே இருக்கிறது. இந்நேரம் அது வேறு யாருக்காவது போயிருக்கும், எதற்கு அவர்களைத் தொந்தரவு செய்வது என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி பெரிய டீச்சர் கேட்டார்கள். உன்னைப் பற்றி எழுத எனக்கு வராது, உனக்கே எழுதித் தருகிறேன், மற்றவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும் என்றேன். சரி என்றார்கள். ஒரு பக்கத்தில் அடங்காது என்பதை மட்டும் நான் அவர்களிடம் சொல்லவில்லை.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மங்கலத்தில் ஒரே வரிசையில் ஆறு வீடுகள் உள்ள லைன் வீட்டில், நீ மூன்றாவது வீடு, நான் நாலாவது வீடு. என் வீட்டுக்காரர் செல்வராசு விசைத்தறி ஓட்டுகிறார். நான் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். நீ பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். குடிவந்த முதல் வாரமே நீ அவரை அண்ணா என்று கூப்பிட்டாய். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கையா என்போம். அதனால் நான் உனக்கு நங்கையா ஆனேன், நீ யாழினிக்கு அத்தை ஆனாய். அவரோடு கூடப் பிறந்த நாத்தனார் எனக்கு ஒருத்தியும் இல்லை. அந்தக் குறை எனக்குத் தெரியாமலே போனது.

யாழினி இரண்டாம் வகுப்புப் படித்த வருசம் அது. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது லேசாகக் காலை இழுத்து நடந்தாள். காலையில் எழுந்தால் நன்றாகத்தான் இருப்பாள். இடது முட்டி வலிக்கிறது என்பாள். விளையாட்டில் இடித்துக்கொண்டிருப்பாள் என்று தைலம் தேய்த்துவிட்டேன். ஒரு மாதம் ஆனது, இரண்டு மாதம் ஆனது. கட்டுப் போடுகிற வைத்தியரிடம் கூட்டிப்போனோம். அவர் முட்டியைச் சுற்றிப் பச்சிலை வைத்துக் கட்டினார். ஒரு கிளினிக்கில் முட்டியைப் படம் எடுத்துப் பார்த்து, எலும்பில் ஒன்றும் இல்லை என்றார்கள். படத்தில் ஒன்றும் இல்லை, பிள்ளை மட்டும் வலி என்கிறது. பள்ளிக்கூடம் போகாமல் இருப்பதற்கு நடிக்கிறாள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

ஒரு திங்கட்கிழமை அவளை அடித்தேன். முதுகில் ஓங்கி ஒரு அடி. கம்பெனி வேன் வந்து நின்றுகொண்டிருந்தது, இவள் வாசலில் உட்கார்ந்து எழ மாட்டேன் என்றாள். அடி வாங்கிவிட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள். விசாலு, நீ அதை உன் வாசலில் நின்று பார்த்தாய். அன்றைக்கு நீ ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்க நினைத்து, கேட்காமலே விட்டுவிட்டேன்.

அந்த வாரத்தில்தான் நீ கண்டுபிடித்தாய். மதியச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் எல்லாம் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்காருவார்கள். யாழினி மட்டும் இடது காலை நீட்டி வைத்திருந்தாள். வரிசைக்கு நடுவே நீட்டினால் சாம்பார் வாளி தூக்கி வருகிறவர்கள் தடுக்கி விழுவார்கள் என்று, மடக்கி உட்காரச் சொன்னாயாம். அவள் மடக்கப் பார்த்தாள். வலது கால் மடங்கியது, இடது கால் பாதிக்கு மேல் வரவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றதே தவிர அழவில்லை. அடுத்த நாள் பார்த்தாய், அதற்கு அடுத்த நாளும் பார்த்தாய். மூன்று நாள் பார்த்துவிட்டு என் வீட்டுக்கு வந்தாய்.

"ஏனுங்க நங்கையா, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்று ஆரம்பித்தாய். பாப்பாவுக்கு முட்டியில் ஒன்றும் இருக்காது, இடுப்பு மூட்டில் இருக்கும் என்று தோன்றுகிறது, தம்பிக்கும் சின்ன வயதில் இப்படித்தான் தொடங்கியது என்றாய்.

உன் தம்பி நாச்சிமுத்துவை எனக்குத் தெரியும். கொமரலிங்கத்தில் தோட்டம் பார்க்கிறவர். பொங்கலுக்கு உன் வீட்டுக்கு வரும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்து வருவார். அந்த நடை என் கண்முன் வந்ததும் எனக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"உன்ற தம்பி நொண்டியாப் போனா, ஊர்ல இருக்கற புள்ளையெல்லாம் நொண்டியாப் போகோணுமா?" என்று கேட்டுவிட்டேன்.

உன் முகம் ஒரு நொடி மாறியது. பிறகு நீ சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"சண்டைய அப்பறம் போட்டுக்கலாமுங்க. மொதல்ல உங்க டேப்ப எடுத்துட்டு வாங்க."

தையல்காரி வீட்டில் இஞ்ச் டேப்புக்கா பஞ்சம்? எடுத்து வந்தேன். யாழினியைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்தாய். இரண்டு முட்டியையும் மடக்கி, பாதங்களை ஒன்றோடொன்று சேர்த்து, முட்டிகளைப் பக்கவாட்டில் விடச் சொன்னாய். வலது முட்டி பாயைத் தொடுகிற அளவுக்கு இறங்கியது. இடது முட்டி பாதி வழியில் நின்றுவிட்டது. பிறகு முட்டிக்கு மேல் ஒரே உயரத்தில் இரண்டு தொடையையும் அளந்து பார்க்கச் சொன்னாய். நான்தான் அளந்தேன். இடது தொடை முக்கால் இஞ்ச் இளைத்திருந்தது. தப்பாகப் பிடித்துவிட்டேனோ என்று மறுபடி அளந்தேன். அதே அளவுதான் வந்தது.

பிள்ளை சொன்னதை நம்பவில்லை, நீ சொன்னதையும் நம்பவில்லை, டேப் சொன்னதும் நம்பினேன். என் தொழில் அப்படி ஆக்கி வைத்திருக்கிறது. பாயில் படுத்தபடி யாழினி என் முகத்தையே பார்த்தாள். நிசமாகவே வலிக்கிறது என்று இப்போதாவது தெரிந்ததா என்று கேட்கிற பார்வை.

மறுநாள் நீ லீவு போட்டுவிட்டு எங்களோடு திருப்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தாய். டாக்டரம்மா யாழினியை நடக்கவிட்டுப் பார்த்தார். படுக்க வைத்து இடுப்பைத் திருப்பிப் பார்த்தார். கையோடு இரண்டு இடுப்பும் சேர்ந்து தெரிகிற மாதிரி படம் எடுத்து வரச் சொன்னார். படத்தில் எனக்கே தெரிந்தது. வலது பக்கம் தொடை எலும்பின் தலை பந்து மாதிரி உருண்டையாக இருந்தது. இடது பக்கம் மேலே கொஞ்சம் தட்டையாகி, வெளிறி, ஓரம் சிதைந்த மாதிரி இருந்தது.

அதற்குப் பெர்த்தஸ் என்று பேர் சொன்னார். பந்து போன்ற அந்த இடத்துக்கு ரத்தம் போவது கொஞ்ச காலம் நின்றுபோகுமாம். பிறகு தானாகவே திரும்ப வருமாம். வருகிறவரை எலும்பு மெத்தென்று இருக்கும். அந்தச் சமயத்தில் ஓடியும் குதித்தும் அழுத்தினால் நசுங்கிவிடும். கிண்ணத்துக்குள் பந்தைப் பத்திரமாக உட்கார வைத்துவிட்டால் உருண்டையாகவே வளரும். பையன்களுக்குத்தான் அதிகம் வரும், பெண் பிள்ளைகளுக்கும் வருவதுண்டு. இடுப்பில் இருக்கிற நோவு பிள்ளைகளுக்கு முட்டியில்தான் தெரியும்; முட்டி வலி என்று வருகிற பிள்ளையின் இடுப்பையும் பார்க்க வேண்டும் என்றார். எத்தனை வருசம் ஆகும் என்று கேட்டேன். மூன்று, நாலு ஆகலாம் என்றார்.

நான் அடித்ததைச் சொன்னேன். அதனால் வந்திருக்குமா என்று கேட்டேன். அறையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள், எனக்கு வெட்கம் தோன்றவில்லை.

"அடிச்சதால வர்றதில்லம்மா, விழுந்ததால வர்றதும் இல்ல. ஏன் வருதுன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. நேரத்துக்கு வந்துட்டீங்க, அதப் பாருங்க" என்றார் டாக்டரம்மா.

நேரத்துக்கு வந்தது யாரால் என்று அவரிடம் சொல்ல, உன்னைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தேன். நீ கையை உதறிக்கொண்டு பின்னால் போய் நின்றாய்.

கோவைக்கு அனுப்பினார்கள். அங்கே பத்து நாள் காலில் எடை கட்டித் தொங்கவிட்டுப் படுக்க வைத்தார்கள். பிறகு இரண்டு காலுக்கும் மாவுக்கட்டு. கால்களை நன்றாக விரித்து வைத்து, நடுவில் ஒரு கட்டையைக் குறுக்கே சேர்த்துக் கட்டிவிட்டார்கள். ஆறு வாரம் அப்படியே. அந்தக் கோலத்தில் பஸ்ஸிலும் ஏற்ற முடியாது, ஆட்டோவிலும் ஏற்ற முடியாது. எங்கள் கம்பெனி பண்டல் வேன் டிரைவரிடம் நீதான் பேசினாய். பனியன் பண்டல்களைப் பரப்பி, அதன் மேல் அவளைப் படுக்க வைத்துக்கொண்டு வந்தோம்.

லைன் வீட்டு வாசல் குறுகல். நேராகத் தூக்கிக்கொண்டு நுழைந்தால் இரண்டு பக்கமும் கால் இடித்தது. கடைசியில் அவளைப் பக்கவாட்டில் சாய்த்துத் திருப்பி உள்ளே கொண்டுபோனார் செல்வராசு. "அப்பா, நான் என்ன பீரோவா?" என்று கேட்டுச் சிரித்தாள் யாழினி. எத்தனையோ நாள் கழித்து அவள் சிரித்தது அன்றைக்குத்தான். உன் அண்ணன் சிரித்துக்கொண்டே வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அவர் கட்டு வைத்தியரைத்தான் நம்பினார் என்று உனக்கு அவர்மேல் வருத்தம் இருந்தது. ஆனால் அந்த ஆறு வாரத்தில் அவரைப் பார்த்தாய் அல்லவா? அகலமான பலகை ஒன்றுக்கு அடியில், கம்பெனி டிராலியில் கழித்துப்போட்ட நாலு சக்கரத்தை வாங்கி வந்து பொருத்தினார். யாழினி அதில் குப்புறப் படுத்துக்கொண்டு, கையாலே தரையைத் தள்ளி லைன் முழுக்கச் சுற்றினாள். குப்புறப் படுப்பது இடுப்புக்கு நல்லது என்று டாக்டரும் சொல்லியிருந்தார். பலகையில் வந்தே உன் வீட்டு வாசலில் நின்று ஊறுகாய் கேட்பாள்.

எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. விரித்த காலோடு எந்தத் துணியையும் போட முடியவில்லை. இரண்டு பக்கமும் முழுக்கத் திறந்து ஒட்டிக்கொள்கிற மாதிரி ஒரு கால்சட்டை தைத்தேன். கட்டிங் மீதித் துணிதான், இன்டர்லாக் என்கிற மெத்தென்ற பனியன் துணி. மாவுக்கட்டு ஓரம் தொடையில் உரசுகிற இடத்துக்கு இழுத்தால் விரிகிற ரிப் துணியை இரண்டாக மடித்து வைத்தேன். அடுத்த முறை கோவைக்குப் போனபோது அங்கிருந்த நர்ஸ் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு கிடைக்குமா என்று கேட்டார். நீ என்னை முழங்கையால் இடித்தாய்.

மாவுக்கட்டைப் பிரித்த அன்று கால்கள் குச்சியாக இருந்தன. மடக்கவே பயந்தாள். திருப்பூரில் உடற்பயிற்சி சொல்லித்தந்த பிசியோ பெண் பொறுமைசாலி. குப்புறப் படுத்தல், பாதம் சேர்த்து முட்டியைக் கீழே இறக்குதல், ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்குதல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித்தந்தார். ஓட்டமும் குதியும் கூடாது. தண்ணீருக்குள் பயிற்சி செய்தால் ரொம்ப நல்லது, தண்ணீரில் உடம்பின் பாரம் எலும்புக்குத் தெரியாது, நெஞ்சளவுத் தண்ணீரில் நடக்கவிடுங்கள் என்றார். திருப்பூரில் நெஞ்சளவுத் தண்ணீருக்கு எங்கே போவது என்று நான் யோசிப்பதற்குள், தம்பியின் தோட்டத்தில் கிணற்றுமேட்டில் தொட்டி இருக்கிறது என்று நீ சொல்லிவிட்டாய்.

நான் சொன்ன அந்த வார்த்தை நமக்கு நடுவில் அப்படியே கிடந்தது. நீ அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. யாரை நொண்டி என்றேனோ அவர் வீட்டு வாசலுக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அந்தக் கோடை விடுமுறை உனக்கு நினைவிருக்குமா? உடுமலை போய்ப் பஸ் மாறி, கொமரலிங்கத்தில் இறங்கி, வாய்க்கால் ஓரமாக நாச்சிமுத்துவின் வண்டியில் போனோம். தொட்டியில் தண்ணீர் தளும்பியது. யாழினி படியில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றாள். நீ கெஞ்சினாய், நான் மிரட்டினேன், நகரவில்லை. நாச்சிமுத்து மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முட்டிக்கு மேல் வேட்டியை மடித்துக் கட்டி நான் அவரைப் பார்த்ததே இல்லை. இடது தொடை இளைத்திருப்பது தெரிந்துவிடும் என்று அவருக்குக் கூச்சம் என நீ ஒருமுறை சொல்லியிருக்கிறாய். அன்றைக்கு அவர் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினார். கையை நீட்டினார். யாழினி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

இரண்டு பேரும் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் நடந்தார்கள். திரும்ப நடந்தார்கள். யாழினி அவர் நடையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"சித்தப்பா, தண்ணிக்குள்ள நீங்க நொண்டறதே இல்ல."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"நீயுந்தா கண்ணு" என்றார்.

நீ தென்னை மரங்களைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாய். உன் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

விடுமுறை முடிந்த பிறகு ஞாயிறுதோறும் போனோம். ஒரு வருசத்துக்கு மேல் அப்படியே நடந்தது. படத்தில் வெளிறிய இடத்தில் புது எலும்பு தூவல் தூவலாகத் தெரிய ஆரம்பித்தது. அப்போதுதான், அந்தக் கார்த்திகை மழையில், உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றாய். மூன்றாவது நாள்கூட எழுந்து வந்து, யாழினி பயிற்சி செய்தாளா என்று கேட்டாய். நீ மாத்திரை போட்டாயா என்று நான் கேட்டேனா? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. ஐந்தாம் நாள் நீ இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் வரிசையாக வந்தார்கள். உன் மகன் கவின் ஒவ்வொரு பிள்ளைக்கும் கும்பிடு போட்டான்.

காரியமெல்லாம் முடிந்து கிளம்பும்போது நாச்சிமுத்து என் வாசலுக்கு வந்தார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"ஞாயித்துக்கெழம பாப்பாவக் கூட்டிட்டு வந்துருங்க நங்கையா. தொட்டியக் கழுவி விட்டு வெக்கறனுங்க" என்றார்.

இனி எந்த முகத்தோடு அங்கே போவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அதைச் சொன்னதும் என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்கு உன்னிடம் அவரைப் பற்றி நான் சொன்ன வார்த்தையை அங்கேயே நின்று சொல்லிவிட்டேன். அவருக்குத் தெரியாது. நீ சொல்லவே இல்லை.

"எனக்கு முட்டி வலின்னப்ப எங்கம்மாளும் முட்டிக்குத்தாங்க எண்ண போட்டாங்க. அக்காதான் பக்கத்துல உக்காந்து என்ற காலையே பாத்துட்டு இருக்கும். அதுக்கே அப்ப எட்டு வயசு. என்ன பண்ணோணும்னு அதுக்குத் தெரியல, ஆனாப் பாத்துட்டே இருந்துச்சு" என்றார். பிறகு வேட்டியைச் சரிசெய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ்ஸுக்கு வண்டியோடு நிற்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் போனோம் விசாலு. ஒரு ஞாயிறுகூட விடவில்லை என்று சொன்னால் பொய். ஆர்டர் நெருக்கடியில் சில வாரம் விட்டுப்போனது. அப்போதெல்லாம் அவரே போன் செய்து கேட்பார்.

இந்த வருசம் ஒன்று நடந்தது. நீ இருந்தால் என்னைக் கேலி செய்திருப்பாய். எங்கள் கம்பெனிச் செக்கிங் டேபிளில் பீகாரிலிருந்து வந்த சுனிதா இருக்கிறாள். அவள் நாலு வயதுப் பையன் ஒரு நாள் காலையில் நொண்டினான், முட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதான். சளிக்காய்ச்சல் வந்து போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. நீ செய்த மாதிரியே பாயில் படுக்க வைத்து முட்டியை விரித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் இறங்கவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், முட்டி இல்லை, இடுப்பு, ஆஸ்பத்திரி என்று சொன்னேன். அவள் பயந்துபோனாள். சூப்பர்வைசரிடம் பெர்மிஷன் கேட்டு நானே கூட்டிப்போனேன்.

அதே டாக்டரம்மா. பையனுக்கு ரத்தம் பார்த்தார், இடுப்பை ஸ்கேன் செய்தார். பெர்த்தஸ் இல்லை. காய்ச்சலுக்குப் பிறகு இடுப்பு மூட்டில் கொஞ்சம் நீர் கோத்துக்கொள்வதுண்டாம், சின்னப் பிள்ளைகளுக்கு இது சகசமாம், ஓய்வு கொடுத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடுமாம். திரும்பக் காய்ச்சல் அடித்தாலோ காலை ஊன்றவே மாட்டேன் என்றாலோ உடனே தூக்கி வரவேண்டும், மூட்டில் சீழ் வைத்தால் ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது என்று சுனிதாவுக்கு நிதானமாகச் சொன்னார். நான் வீணாகப் பயமுறுத்திவிட்டேனே என்று மன்னிப்புக் கேட்டேன். "நீங்க வராம இருந்திருந்தாத்தான் நான் கோவப்பட்டிருப்பேன்" என்றார். பத்தாம் நாள் அந்தப் பையன் பண்டல்கள் மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தான். நீ கண்டுபிடித்தது சரி, நான் கண்டுபிடித்தது தப்பு. ஆனாலும் எனக்கு அதில் பெருமை.

கால்சட்டை தைப்பதையும் நான் நிறுத்தவில்லை. கம்பெனியில் கேட்டு வாங்குகிற மீதித் துணியில் தைத்து, கோவைக்குப் போகும்போதெல்லாம் ஒரு பை கொடுத்துவிட்டு வருகிறேன். இடுப்பு மூட்டு விலகிப் பிறந்து, காலைப் பக்கவாட்டில் விரித்துக் கட்டுகிற கைக்குழந்தைகளுக்கு ஒரு அளவு, பெரிய பிள்ளைகளுக்கு ஒரு அளவு.

போன மாதம் நாங்கள் மூன்று பேரும் கிளம்பியபோது நாச்சிமுத்துவும் வந்து சேர்ந்துகொண்டார். ஓடலாம் என்று டாக்டர் சொன்னதும் யாழினி, "இப்பவே ஓடட்டுங்களா?" என்று கேட்டாள். வார்டுக்குள் வேண்டாம், வெளியே போய் ஓடு என்றார். பந்து முழு உருண்டை இல்லை, மேலே லேசான தட்டை இருக்கிறது. இடது கால் கொஞ்சம் குட்டை, செருப்புக்குள் ஒரு மெத்தை வைத்தால் போதும். வருசம் ஒருமுறை வந்து காட்ட வேண்டும். இதையெல்லாம் நான் கேட்டு முடிப்பதற்குள் அவள் வெளியே போய்விட்டாள்.

வேப்பமரத்திலிருந்து கேட் வரை ஓடினாள். பதினொரு வயதுப் பெண், ஓடத் தெரியாத மாதிரி கையை எங்கெங்கோ வீசிக்கொண்டு ஓடினாள். எனக்குப் பார்க்கவே பயமாக இருந்தது, செல்வராசு என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். திரும்பி ஓடி வந்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன். மூச்சுத்தான் வாங்குகிறது என்றாள்.

போன வாரம் பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவில் எட்டுப் பேரோடு ஓடினாள். ஆறாவதாக வந்தாள். நேராக என்னிடம் வந்து, "எனக்குப் பின்னாடி ரெண்டு பேரு இருந்தாங்கம்மா" என்று சொன்னாள். விசாலு, முதல் பரிசு வாங்கின பிள்ளையின் அம்மாவுக்குக்கூட அன்றைக்கு என் அளவுக்குப் பெருமை இருந்திருக்காது.

உன் வீட்டுச் சேதியும் சொல்கிறேன். கவின் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறான், உன்னை மாதிரியே நறுக்கென்று பேசுகிறான். உன் வீட்டுக்காரர் சமையல் கற்றுக்கொண்டார், ரசம் மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே குழம்புதான் இப்போதும்.

இனி சொல்லப்போவது புதுச் சேதி. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் யாழினி ஓடுவதைப் பார்த்துவிட்டு நாச்சிமுத்து எங்களை நோக்கி நடந்து வந்தார். வாசலுக்கு வந்திருந்த டாக்டர் அந்த நடையைப் பார்த்தார். உங்களுக்கு எத்தனை வருசமாக என்று கேட்டார். அன்றே படம் எடுத்தார்கள். மூட்டு தேய்ந்துபோயிருக்கிறது. இரண்டு வருசமாக வலியோடுதான் தோட்டத்தில் நடந்திருக்கிறார், எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மூட்டை மாற்றி வைக்கலாம் என்றார் டாக்டர். இவர் மாடு இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, இனி எதற்கு என்று மழுப்பினார்.

வரும் வழி முழுக்க யாழினி அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தாள். "மொத வாரந்தா சித்தப்பா வலிக்கும். அப்பறம் எந்தக் கால எப்பிடித் தூக்கோணும்னு நாஞ் சொல்லித் தர்றேன். அழுகறதுன்னா அழுதுக்குங்க, நான் யார்த்தயும் சொல்ல மாட்டேன்." பல்லடம் வருவதற்குள் அவர் சரி என்றுவிட்டார். தை பிறந்ததும் ஆபரேஷன். மாடுகளை உன் அண்ணன் போய்ப் பார்த்துக்கொள்வார்.

எட்டு வயதில் நீ அவர் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாய். இப்போது எங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். ஆபரேஷன் முடிந்து அவரை எழுப்பி நிற்க வைக்கிற அன்று நான் ஒரு பக்கம் நிற்பேன், யாழினி ஒரு பக்கம் நிற்பாள். பயிற்சியில் ஒரு நாள்கூடத் தவறவிட மாட்டோம். உன் தம்பியை நேராக நடக்க வைத்து, உன் வீட்டு வாசல் வரைக்கும் நடத்திக் கூட்டி வருகிறேன். இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

உன் அண்ணன் மனைவி, யாழினியின் அம்மா,
உன் நங்கையா,
மரகதம்
மங்கலம்